366 கட்டங்களும் ஒரு கடிதக் கட்டும்

தபால்தலை சேகரிப்பவர்களுக்குள் ஒரு சிறு கூட்டம் உண்டு. ஸ்டாம்பில் காந்தி இருக்கிறாரா, கலங்கரை விளக்கம் இருக்கிறதா என்று அவர்கள் பார்ப்பதில்லை. அதன் மேல் குத்திய முத்திரையில் என்ன தேதி என்றுதான் பார்ப்பார்கள். ஜனவரி 1 தொடங்கி டிசம்பர் 31 வரை, பிப்ரவரி 29ஐயும் விடாமல், நாளுக்கு ஒரு முத்திரையாக 366 கட்டங்களை நிரப்புவது அவர்கள் இலக்கு. நாளும் மாதமும் சரியாக இருந்தால் போதும், ஆண்டு எதுவானாலும் பரவாயில்லை என்பவர்கள் ஒரு வகை. ஆண்டையும் சேர்த்துக் கணக்கில் வைப்பவர்கள் இன்னொரு வகை. ஒரே ஊர், ஒரே ஆண்டு என்று பிடிவாதமாக நிற்பவர்கள் மூன்றாவது வகை. இவர்கள் மிகச் சிலர். மூன்று வகையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் இந்தப் பழக்கத்தைக் கொண்டாடுகிறவர்களும் கேலி செய்கிறவர்களும் வேறு வேறு விஷயத்தைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். முதல் வகை நல்ல பொழுதுபோக்கு. மூன்றாவது வகை, ஒழுங்காகச் செய்தால், வரலாற்று ஆய்வு. இடையில் இருப்பதில்தான் சேதம் அதிகம்.

ஆதரவாகச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். இதற்குப் பெரிய பணம் வேண்டாம். பிரிட்டனின் ஒரு பென்னி லைலாக் ஸ்டாம்பு 1881 முதல் 1901 வரை 3,300 கோடிக்கு மேல் அச்சானது. சாதாரணப் பிரதிக்கு விலை என்று எதுவும் சொல்ல முடியாது. ஆனால் அதில் முத்திரை தெளிவாக விழுந்தவற்றை மட்டும் பொறுக்கி நாள்வாரியாக அடுக்க ஆரம்பித்தால், குப்பை என்று ஒதுக்கிய அந்த ஸ்டாம்பே ஆண்டுக்கணக்கில் வேலை வாங்கும். நம்மூரிலும் அப்படித்தான். கால் அணா அஞ்சலட்டை 1879இல் வந்தது. இன்லேண்ட் கடிதம் 1950இல் வந்தது. இரண்டும் கோடிக்கணக்கில் புழங்கியவை. பரணில் இருக்கும் தகரப் பெட்டியைத் திறந்தாலே பள்ளிக்கூடப் பையன் ஒருவன் தொடங்கிவிடலாம். அரிய ஸ்டாம்பு வாங்க வசதி இல்லாதவர்களுக்கு இந்தத் துறைக்குள் நுழைய இதைவிட நேர்மையான வாசல் கிடையாது.

இன்னொரு நன்மை, உறையைக் காப்பாற்றியது. உலகின் முதல் ஸ்டாம்பான பென்னி பிளாக் 1840 மே மாதம் புழக்கத்துக்கு வந்தபோது அதை அழிக்கக் குத்தியது மால்டீஸ் சிலுவை முத்திரை. அதில் தேதி இல்லை. தேதி முத்திரை கடிதத்தில் வேறோர் இடத்தில், பெரும்பாலும் பின்பக்கம், விழுந்தது. இந்தியாவில் 1854இல் வந்த முதல் அகில இந்திய ஸ்டாம்புகளிலும் அதே கதைதான்: ஸ்டாம்பை அழிக்கப் புள்ளிகளால் ஆன முத்திரை, தேதிக்குத் தனி முத்திரை. தண்ணீரில் ஊறவைத்து ஸ்டாம்பை மட்டும் உரித்தெடுத்த தலைமுறைகள் தேதியை வாளியில் கரைத்துவிட்டன. உறை முழுதாக இருந்தால்தான் பேசும் என்பதைத் தேதிக்காரர்கள் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். அதற்காக அவர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

சிக்கல், முத்திரையில் தேதி ஏன் வந்தது என்று கேட்கும் இடத்தில் தொடங்குகிறது. லண்டனில் அஞ்சல் பொறுப்பை ஏற்ற ஹென்றி பிஷப் 1661இல் கொண்டுவந்த சின்னஞ்சிறு வட்ட முத்திரையில் மாதமும் நாளும் மட்டும் இருந்தன, ஆண்டு இல்லை. கடிதங்கள் தாமதமாகின்றன என்ற புகாருக்கு அவர் கண்ட வழி அது. எந்த நாளில் வாங்கினோம் என்று குத்திவிட்டால், எத்தனை நாள் தூங்கியது என்று பெற்றுக்கொள்பவர் எண்ணிவிடலாம். ஆக, இரண்டு நாட்களுக்கு இடையிலான இடைவெளியை அளக்கப் பிறந்ததுதான் இந்தத் தேதி. இந்தியக் கடிதங்களில் இது இன்னும் நன்றாகத் தெரியும். போட்ட ஊரின் முத்திரை முன்பக்கம், வழியில் ஆர்.எம்.எஸ். (ரயில் அஞ்சல் சேவை) முத்திரை, பட்டுவாடா செய்த ஊரின் முத்திரை பின்பக்கம் என்று ஒரே உறையில் இரண்டு மூன்று தேதிகள் இருக்கும். நாள்வாரிச் சேகரிப்பாளர் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். ஆல்பத்தில் உறையின் முன்பக்கம் மட்டும் தெரியும்படி செருகிவிட்டால் கடிதம் நடந்து வந்த வழியே மறைந்துவிடுகிறது.

தேதிக்கும் சம்பவத்துக்கும் முடிச்சுப் போடுவதில் உள்ள ஏமாற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜெர்மன் போர்க்கப்பலான எம்டன் சென்னையைக் குண்டு வீசித் தாக்கியது 1914 செப்டம்பர் 22 இரவு. அந்தத் தேதியிட்ட மதராஸ் முத்திரையோடு ஓர் உறை கிடைத்தால் விற்பவர் ‘எம்டன் கவர்’ என்று பெயர் வைத்து விலையை ஏற்றிவிடுவார். தாக்குதல் நடந்தது இரவு ஒன்பது மணிக்கு மேல். பகலில் போட்ட கடிதத்துக்கு அதைப் பற்றி என்ன தெரியும்? பீதியில் ஜனங்கள் ஊரைக் காலி செய்துகொண்டிருந்த அடுத்த சில நாட்களின் கடிதங்களில்தான் விஷயம் இருக்கும். அவற்றை யாரும் தேடுவதில்லை, ஏனென்றால் தேதி ‘பிரபலம்’ இல்லை. 11.11.11, 12.12.12 என்று ஒரே எண் திரும்ப வரும் நாட்களில் தனக்குத்தானே கடிதம் போட்டுக்கொள்வதையும் இதோடு சேர்க்கலாம். அது சேகரிப்பா எண்கணித ஜோதிடமா என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

விடுமுறை நாட்களின் கட்டங்கள் தனி வேடிக்கை. ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 மூன்றும் தேசிய விடுமுறை. அஞ்சலகக் கவுன்டர் மூடியிருக்கும், பட்டுவாடா கிடையாது. ஒரு சாதாரணக் கிராமத்துக் கடிதத்தில் இந்தத் தேதிகள் விழுவது அபூர்வம். ஆனால் ஆல்பங்களில் இந்த மூன்று கட்டங்களும் முதலிலேயே நிரம்பிவிடும். காரணம், அந்த நாட்களில்தான் சிறப்பு வெளியீடுகள் வரும். முதல் நாள் உறையும் அதற்கான முத்திரையும் சுலபமாகக் கிடைக்கும். சுதந்திர இந்தியாவின் காந்தி ஸ்டாம்புகள் வந்தது 1948 ஆகஸ்ட் 15. நூற்றாண்டு வெளியீடு 1969 அக்டோபர் 2. இவற்றில் பலவும் எந்த ஊருக்கும் போகாத உறைகள். எங்கும் போகாத உறையில் குத்திய முத்திரையும் எங்கோ போய்ச் சேர்ந்த கடிதத்தின் முத்திரையும் ஒரே ஆல்பத்தில், ஒரே அளவு கட்டத்தில், சம மரியாதையோடு உட்கார்ந்திருக்கின்றன. ஒரு நாளுக்கு ஒரு கட்டம் என்ற விதி அந்த வித்தியாசத்தைத் துடைத்துவிடுகிறது.

முத்திரையின் தேதியை அப்படியே நம்பிவிடவும் முடியாது. ஜனவரி முதல் வாரத்தில் ஆண்டு எண்ணை மாற்ற மறந்த குமாஸ்தாக்கள் எல்லா நாட்டிலும் உண்டு. பழைய தேதிக்கு முத்திரை வாங்கிக் காரியம் சாதித்த கதைகள் கடிதம் போட்டதற்கு அஞ்சலகம் தந்த யூ.சி.பி. சான்றிதழைப் பயன்படுத்திய எந்த வக்கீல் குமாஸ்தாவைக் கேட்டாலும் கிடைக்கும். 2011இல் அந்த முறையையே அஞ்சல் துறை நிறுத்திவிட்டது. விலை உள்ள தேதி என்றால் போலி பின்னாலேயே வரும்.

இத்தனை குறை சொன்ன பிறகும் இந்தப் பழக்கத்தை நான் தள்ளிவிடாததற்கு ஒரு காரணம் இருக்கிறது: நிரம்பாத கட்டங்கள். பிரிட்டனில் நாட்காட்டியைத் திருத்தியபோது 1752 செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14 ஆனது. அந்த ஆண்டின் செப்டம்பர் 3 முதல் 13 வரை லண்டன் முத்திரை கிடையவே கிடையாது. ரஷ்யாவில் 1918 ஜனவரி 31க்கு அடுத்த நாள் பிப்ரவரி 14. ஜப்பானியர் பிடித்துக்கொண்ட மலாயாவில் 1942ஆம் ஆண்டுக்கு ஜப்பானியக் கணக்கில் 2602 என்று முத்திரை குத்தினார்கள்; கிழமை மாறாவிட்டாலும் ஆண்டு மாறிவிட்டது. பிரிட்டிஷ் அஞ்சல் ஊழியர்களின் வேலைநிறுத்தம் 1971 ஜனவரி 20இல் தொடங்கி மார்ச் முதல் வாரம் வரை நீடித்தது. நடுவில் பிப்ரவரி 15 அன்று அந்த நாடு தசம நாணயத்துக்கு மாறியது. புதிய ஸ்டாம்புகளும் அன்றே வெளியாயின. முதல் நாள் உறைகள் பலவற்றில் வேலைநிறுத்தத்தால் தாமதம் என்ற குறிப்பு இருக்கிறது. அந்த ஏழு வார வெறுமையை ஒரு பக்கத்தில் பார்த்தவருக்கு வேலைநிறுத்தம் என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்த வெறுமை ஓர் ஊர், ஓர் ஆண்டு என்ற வரம்புக்குள்தான் பேசும். எந்த ஊராவது, எந்த ஆண்டாவது என்று போனால், இந்த ஆண்டின் ஓட்டையை அடுத்த ஆண்டின் முத்திரை அடைத்துவிடும். சபரிமலை சன்னிதானத்தில் ஓர் அஞ்சலகம் மண்டல, மகரவிளக்கு காலத்தில் மட்டும் இயங்குகிறது. அதன் முத்திரையில் ஐயப்பனும் பதினெட்டுப் படியும் உண்டு. அந்த ஓர் அஞ்சலகத்துக்கு ஆண்டுக் கணக்கு போட்டால் பெரும்பாலான கட்டங்கள் காலி. அந்தக் காலியிடமே ஒரு யாத்திரையின் வடிவத்தைக் காட்டிவிடுகிறது. 1964ஆம் ஆண்டின் தனுஷ்கோடி முத்திரைகளை யாராவது நாள்வாரியாக அடுக்கினால் டிசம்பர் 22 இரவுப் புயலோடு வரிசை நின்றுவிடும். 1974 மே மாத ரயில்வே வேலைநிறுத்தத்தின் இருபது நாட்களில் எந்தெந்த ஆர்.எம்.எஸ். பிரிவின் முத்திரை கிடைக்கிறது என்று தேடிப் பட்டியல் போடுவது, எந்த வண்டி ஓடியது, எது ஓடவில்லை என்பதற்கு அரசு அறிக்கையைச் சாராத ஒரு சான்றாகும். அஞ்சல் கண்காட்சிகளில் நடுவர்கள் பொருளைக் கையாண்ட விதம், ஆய்வு, அரிய தன்மை, நிலை என்று பிரித்து மதிப்பெண் போடுவார்கள். வெறும் 366 கட்டங்கள் அங்கே தேறுவது கடினம். நாட்காட்டி கொடுத்த வரிசையில் சேகரித்தவரின் சிந்தனைக்கு வேலை இல்லை. ஓட்டைகளுக்குக் காரணம் எழுதிக் காட்டுகிற தொகுப்பு தேறும்.

இப்போது செட்டிநாட்டுக்கு வருகிறேன். இந்தப் பழக்கத்தின் பயனும் பாவமும் சேர்ந்து தெரிவது அங்கேதான். ரங்கூன், பினாங்கு, ஈப்போ, சைகோன், கொழும்பு என்று கடை வைத்திருந்த நகரத்தார் குடும்பங்களின் கடிதங்கள் காரைக்குடிப் பழம்பொருள் கடைகள் வழியாகச் சந்தைக்கு வந்து, இன்று உலகம் முழுவதும் ஏலத்தில் சுற்றுகின்றன. உள்ளே இருக்கும் கடிதத்தில் தமிழ் ஆண்டு, மாதம், தமிழ் எண்ணில் தேதி. அறுபது ஆண்டுச் சுழற்சி என்பதால் ‘விஷு’ என்று மட்டும் போட்டிருந்தால் 1881ஆ 1941ஆ என்று திணற வேண்டியிருக்கும். உறையின் முத்திரை ஒரு நொடியில் அதைத் தீர்த்துவிடும். உள்ளே இருக்கும் தேதி எழுதிய நாள், முன்பக்கத் தேதி போட்ட நாள், பின்பக்கத் தேதி சேர்ந்த நாள். மூன்றையும் வைத்துப் பார்த்தால் கப்பல் எத்தனை நாள் வந்தது, தணிக்கை எத்தனை நாள் பிடித்துவைத்தது, வட்டிக் கணக்குக் கடிதத்தை முதலாளி எத்தனை நாள் எழுதாமல் ஒத்திப்போட்டார் என்பதுகூடத் தெரியும்.

ரங்கூனில் ஜப்பானியர் குண்டு வீசியது 1941 டிசம்பர் 23. சில நாள் முன்னதாக, டிசம்பர் 19இல், பினாங்கு விழுந்தது. சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15. அதன் பிறகு ஊரிலிருந்து போட்ட கடிதங்கள் சேவை நிறுத்தப்பட்டது என்ற முத்திரையோடு திரும்பி வந்தன. ஒரே குடும்பத்தின் கடிதங்கள் கட்டாக இருந்தால், வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்த வரிசை எந்த வாரத்தில் அறுந்தது, மூன்றரை ஆண்டுக்குப் பின் எந்த வாரத்தில் மீண்டது என்று விரல் வைத்துக் காட்டலாம். அப்படி ஒரு கட்டு நாள்வாரிச் சந்தைக்குப் போனால் நடப்பது வேறு. டிசம்பர் 19 ஒருவருக்கு, பிப்ரவரி 15 இன்னொருவருக்கு, தன் பிறந்தநாள் தேதி வேண்டும் என்பவருக்கு மற்றொன்று. உள்ளே இருக்கும் கடிதத்தைப் படிக்கத் தெரியாத வியாபாரி அதை எறிந்துவிட்டு உறையை மட்டும் விற்பார். இன்னும் மோசமான கை, முத்திரை விழுந்த மூலையை மட்டும் சதுரமாகக் கத்தரித்து எடுக்கும். சிதறிய நாற்பது உறைகள் நாற்பது ஆல்பங்களில் பத்திரமாகத்தான் இருக்கும். அந்தக் குடும்பத்தின் யுத்தகாலம் மட்டும் எங்கும் இருக்காது.

கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களும் துண்டுப் பிரசுரங்களும் 1992இல் அவர் மறைந்த பின் சிதறாமல் சென்னைக்கு வந்ததால்தான் இன்று ஆய்வாளர்கள் அங்கே போய் உட்கார முடிகிறது. அதே தொகுப்பு தனித்தனியாக விலை போயிருந்தால் அதன் பொருட்கள் பிழைத்திருக்கலாம், பயன் பிழைத்திருக்காது. கடிதக் கட்டுகளுக்கு அப்படி ஒரு புகலிடம் தமிழ்நாட்டில் போதுமான அளவு இல்லை. சேகரிப்பாளர்கள்தான் இப்போதைக்கு அதன் காவலர்கள்.

காலமும் குறைவு. இன்று வரும் கடிதங்களில் முத்திரை பாதி நேரம் மசி அப்பிய கருப்பு வட்டம். ஸ்பீட் போஸ்ட் என்றால் பார்கோடு ஒட்டிய அச்சுச் சீட்டு. புதிதாக நாள்வாரி வரிசை கட்டுவது வருங்காலத்தில் நடக்காது. பழைய சரக்கையே பங்கு போட வேண்டியிருக்கும்.

எனவே நாள்வாரிச் சேகரிப்பில் இருப்பவர்களிடம் கேட்பது இது. உங்கள் ஊர் அஞ்சலகத்தின் ஓர் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். நிரம்பாத நாளுக்குக் காரணம் தேடி எழுதுங்கள். உறையின் பின்பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள். ஒரு வீட்டுக் கடிதங்கள் கட்டாகக் கைக்கு வந்தால், யார் வீட்டிலிருந்து, எந்த ஊரிலிருந்து வந்தது என்று அன்றே குறித்துக்கொள்ளுங்கள். அதில் நீங்கள் வருடக்கணக்கில் தேடிய தேதி இருந்தாலும் அந்த ஓர் உறையை மட்டும் உருவாதீர்கள்.