ரயிலும் நிலமும்

நம் கதைகளில் ரயில் ஏராளமாக ஓடுகிறது. தி. ஜானகிராமனின் ‘சிலிர்ப்பு’ பெரும்பாலும் ரயில் பெட்டிக்குள்ளேயே நடக்கிற கதை. அதைவிட நல்ல ரயில் கதை தமிழில் உண்டா என்று எனக்குச் சந்தேகம். ஆனால் ரயிலுக்குக் கீழே நிலம் இருக்கிறது. அது யாரிடமிருந்து வந்தது என்று கேட்கிற தமிழ் நாவல் எதையும் நான் படித்ததில்லை.

தாம்பரம் வழியாகத் தெற்கே போகிற பாதை 1870-களில் போடப்பட்டது. ரயில் கம்பெனிகளின் முதலுக்கு நூற்றுக்கு 5 வட்டி உறுதி சொல்லி, நிலத்தையும் இலவசமாகக் கொடுப்பது என்பது வெள்ளைக்கார சர்க்கார் தொடங்கி வைத்த ஏற்பாடு. நிலத்தை எடுத்துக்கொள்ள 1870-ல் ஒரு சட்டம்; பிறகு 1894-ல் ஒரு சட்டம். நஷ்ட ஈடு உண்டு. சந்தை விலைக்கு மேல் நூற்றுக்கு 15-ம் உண்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் யாருக்கு? நிலத்தில் உரிமை உண்டு என்று காட்ட முடிந்தவர்களுக்கு.

செங்கல்பட்டு ஜில்லா மிராசு பூமி. நிலம் மிராசுதார்கள் பேரில் இருந்தது. உழுதவர்கள் சேரியில் இருந்தார்கள். குடியிருக்கும் மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை என்பதை 1891-ல் கலெக்டர் டிரமென்ஹீர் எழுதிய அறிக்கையில் காணலாம். 1892-ல் பஞ்சமி நிலம் வந்தது அதன் பலன். புதர்க்காட்டையும் ஏரிக்கரையையும் நம்பிப் பிழைத்த இருளர்களின் நிலைமை இன்னும் மோசம்.

இதே காலத்தில் கனடாவிலும் ரயில் வந்தது. அங்கே 1871 முதல் பழங்குடித் தலைவர்களோடு சர்க்கார் வரிசையாக ஒப்பந்தங்கள் செய்துகொண்டு நிலத்தை வாங்கிற்று. அவை நியாயமானவையா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. ஆனாலும் தலைவன் இட்ட குறி ஒன்று காகிதத்தில் இருக்கிறது. வழக்காடவாவது அது உதவுகிறது. நம் இருளரிடம் அப்படி ஒரு குறி கேட்க வேண்டும் என்றுகூட இங்கே சட்டத்துக்குத் தோன்றவில்லை.

கூலியாளும் குத்தகைக்காரனும் பழங்குடியும்கூடப் பாதிக்கப்பட்ட குடும்பம்தான் என்று 2013-ல் வந்த சட்டம் ஒப்புக்கொண்டது. சட்டம் எழுதுகிறவர்களுக்கு இது தெரிய 143 வருஷம் பிடித்தது. நாவலாசிரியனுக்கு அத்தனை காலம் பிடித்திருக்க வேண்டியதில்லை.

ஆதாரம் இல்லாமல் எப்படி எழுதுவது என்று கேட்கலாம். ஆதாரம் இருக்கிற இடத்துக்குச் சரித்திரக்காரன் போதும். ‘துன்பக்கேணி’யில் தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிப் பெண்ணைப் புதுமைப்பித்தன் நமக்குக் காட்டினார். எந்தப் பதிவேடும் அவளை அப்படிக் காட்டியிராது. பெயர் ஏறாத மனிதனுக்கு நாவலைத் தவிர வேறு போக்கிடம் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. நானும் அதில் ஜன்னலோரம் இடம் தேடுகிறவன்தான். என் நாவல்களிலும் ரயில் ஓடியிருக்கிறது, நிலம் வரவில்லை. இந்தக் குறையை மற்றவர்களிடம் சொல்வதற்கு முன் என் கணக்கிலேயே எழுதிக்கொள்கிறேன்.