இரண்டாவது பாட்டில் உறுமுகிற கோடம்பாக்கம்

லண்டன் ராப்பர் எம்.ஐ.ஏ.வின் 'கலா' ஆல்பத்தைப் பற்றிப் பேச்செடுத்ததுமே 'பேப்பர் ப்ளேன்ஸ்' என்று ஆரம்பிக்கிறவர்களோடு எனக்குப் பேச்சு நீளாது. பாட்டில் குறை ஒன்றுமில்லை. க்ளாஷ் குழுவின் 1982 பாட்டிலிருந்து கிடாரை உருவி, துப்பாக்கிச் சத்தத்தையும் கல்லாப்பெட்டிச் சத்தத்தையும் தாளத்துக்குள் உட்கார வைத்தது கெட்டிக்காரத்தனம்தான். 2008-ல் அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் நான்காம் இடம், கிராமி பரிந்துரை, 'ஸ்லம்டாக் மில்லியனர்' என்று அது உலகத்தையே ஒரு சுற்று சுற்றிவிட்டது. ஆனாலும் அது பன்னிரண்டில் பதினோராவது பாட்டு. அதற்கு முன்னால் எம்.ஐ.ஏ. பத்துப் பாட்டை எதற்கு வைத்தார் என்று ஒருவரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் ஆல்பத்தின் உயிர் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் இருக்கிறது. 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்'. இரண்டிலும் அடிப்பது நம் ஊர் உறுமி.

நடந்தது தெரிந்த கதைதான். முதல் ஆல்பம் 'அருளர்' 2005-ல் வந்து பேர் வாங்கியதும், அடுத்ததை அமெரிக்காவில் தயாரிப்பாளர் டிம்பலாண்டோடு உட்கார்ந்து முடிப்பதாக ஏற்பாடு. விசா கிடைக்கவில்லை. சரி போ என்று இந்தியா, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா என ஊர் ஊராகச் சுற்றிப் பதிவு செய்தார். சென்னைக்கு வந்தபோது ஏ.ஆர். ரஹ்மான் கோடம்பாக்கத்து ஸ்டுடியோவைத் திறந்துவிட்டு, வாத்தியக்காரர்களுக்கும் வழி காட்டினார். அந்தப் பாட்டுகளுக்கு ரஹ்மான்தான் இசை என்று இன்னமும் அடித்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர் செய்தது அதைவிடப் பெரிய உபகாரம். இடமும் ஆளும் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். லண்டனிலிருந்து தயாரிப்பாளர் ஸ்விட்ச் வந்து சேர்ந்தார். ஆல்பம் முடிகிற நேரத்தில் டிம்பலாண்டும் கிடைத்தார். 'கம் அரவுண்ட்' அதன் விளைவு, பன்னிரண்டாவது பாட்டு. அதைக் கேட்டுவிட்டு உடனே 'பேர்ட் ஃப்ளூ'வைப் போட்டுப் பாருங்கள். விசா கொடுக்காத அதிகாரியின் பேரில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்கத் தோன்றும்.

'பேர்ட் ஃப்ளூ'வில் கோழி கொக்கரிக்கிறது, பிள்ளைகள் கூவுகிறார்கள். 'ஜெயம்' படத்தில் ஆர்.பி. பட்நாயக் போட்ட திருவிழாப் பாட்டின் துண்டு ஒன்றும் உள்ளே இருக்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு முனகல் ஓடுகிறதே, அங்கேதான் என் காது போய் உட்கார்ந்துகொள்ளும். அடிக்கிற வாத்தியத்தை எல்லாரும் கவனிப்பார்கள். உறுமியில் ஒரு முகம்தான் அடிக்கிற முகம். இன்னொன்று தேய்க்கிற முகம். வளைந்த குச்சியைத் தோலின்மேல் அழுத்தி இழுக்க வேண்டும். அழுத்தம் குறைந்தால் வெறும் உரசல். கூடினால் குச்சி தோலில் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவில் விரல் மொத்தம்கூட இல்லாத ஓரிடத்தில்தான் நாதம் கீழே கிளம்பி மேலே ஏறும். ஆடி மாதத்தில் மயிலாப்பூர் முண்டகக்கண்ணியம்மன் கோயில் பக்கம் உறுமிக்காரர் யாராவது வந்தால் அவர் முகத்தைப் பார்க்காதீர்கள். தேய்க்கிற கையின் மணிக்கட்டைப் பாருங்கள். அடிக்கிற கை எவ்வளவு குதித்தாலும் இந்தக் கை நிதானமாகத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். கூட்டத்துக்குச் சாமி வருவது பெரும்பாலும் இந்தக் கையால்தான்.

மயிலாப்பூரில் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். கச்சேரி கேட்டுப் பழுத்த நண்பர் ஒருவருக்கு உறுமி என்றாலே சத்தம். அவரே பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத் தொப்பி முகத்தைப் பற்றி, அந்தக் கும்கியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் காபி ஆறிப்போகும். கும்கி என்பது என்ன? உள்ளங்கை அடியால் தோலை அழுத்தி இழுத்து நாதத்தை வளைப்பது. உறுமிக்காரர் குச்சியால் செய்கிறார், மிருதங்கக்காரர் கையால் செய்கிறார். மிருதங்கத்துக்கு மியூசிக் அகாடமியில் கைதட்டல், உறுமிக்கு மூக்குச் சுளிப்பு. டொராண்டோவில் ஷான் வின்சென்ட் டி பால் ராப் சொல்ல, யாஞ்சன் மிருதங்கம் வாசித்த அந்த வீடியோக்களை நண்பர் ரசித்து ரசித்துப் பார்த்தார். எனக்கும் அவை பிடிக்கும். கணக்கு சுத்தம், நாவு சுத்தம். ஆனால் அங்கே வாத்தியம் சொல்லுக்குப் பக்கவாத்தியமாக அடங்கிப் போகிறது. 'பேர்ட் ஃப்ளூ'வில் உறுமி அடங்கவில்லை. எம்.ஐ.ஏ.தான் அதற்கு இடம் விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. தாளம் ஓடுகிற ஓட்டத்தில் நீளமாக ஒரு வரி சொல்லிவிட முடியாது. குட்டி குட்டியாக வெட்டி, பாதி பேச்சும் பாதி கூச்சலுமாக எறிகிறார். பாடத் தெரியாதவர் என்று அவரைக் குறை சொல்கிறவர்கள், இவ்வளவு மேளத்துக்கு நடுவில் எந்த வித்துவான் என்ன பாடியிருப்பார் என்று யோசித்தால் நல்லது.

'அருளர்'தான் சிறந்தது என்று ஒரு கட்சி உண்டு. ரோலண்ட் எம்சி-505 பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு, எலும்பும் தோலுமாகச் செய்த ஆல்பம். அதன் சிக்கனத்தில் ஒரு வீரம் இருப்பது உண்மை. அது எம்.ஐ.ஏ.வின் அப்பாவின் இயக்கப் பெயரில் வந்தது, 'கலா' அம்மாவின் பெயரில். முதல் ஆல்பத்தில் தனியாக ஒருத்தி அறைக்குள் உட்கார்ந்து யோசிக்கிறாள். இரண்டாவதில் கதவைத் திறந்து தெருவையே உள்ளே விடுகிறாள். எனக்குத் தெருதான் வேண்டும். 2007-ன் முதல் ஆல்பமாக 'கலா'வை ரோலிங் ஸ்டோன் இதழ் வைத்ததும் இதற்காகத்தான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அந்த ஆண்டு ஆகஸ்டில் ஆல்பம் வந்தபோது ஸ்பென்சர் பிளாசாவில் மியூசிக் வேர்ல்ட் கடை இருந்த காலம். தி.நகர் நண்பன் வீட்டு ஹாலில் சிடியைப் போட்டதும் முதல் பாட்டு 'பேம்பூ பங்கா'. சில நொடிகளில், உள்ளே சமையல் செய்துகொண்டிருந்த அவன் அம்மா எட்டிப் பார்த்து, "இது தளபதி பாட்டாச்சே!" என்றார். அவர் சொன்னது சரி. இளையராஜாவின் 'காட்டுக்குயிலு' அங்கே துண்டு துண்டாகிக் கிடக்கிறது. லண்டன் விமர்சகர்கள் பத்தி பத்தியாக எழுதியதை அவர் கரண்டியும் கையுமாக ஒரு வரியில் முடித்தார். நான்காவது பாட்டு 'ஜிம்மி' வந்தபோது, பப்பி லஹரி 'டிஸ்கோ டான்ஸர்' படத்துக்குப் போட்டது என்று எங்களுக்கே தெரிந்துவிட்டது. ஆனால் 'காட்டுக்குயிலு' விஷயம் வேறு. சின்ன வயதில் கொஞ்ச காலம் அம்மாவோடு மெட்ராஸ் பக்கம் இருந்த பெண், தமிழ் சினிமாவின் பொங்கல் கொண்டாட்டப் பாட்டை ஆல்பத்தின் வாசலிலேயே வைத்துவிட்டு, அடுத்த பாட்டில் அசல் உறுமியைக் கூட்டிவருகிறார். முதலில் ரெக்கார்டில் கேட்ட மேளம், பிறகு நேரில் வந்து நிற்கிற மேளம். வரிசையைக் கலைத்துக் கேட்டால் இந்த நுட்பம் போய்விடும். வர்ணமும் கிருதியும் எந்த வரிசையில் வந்தன என்று நோட்டில் குறித்து வைக்கிற ஊர் இது. ராப் ஆல்பம் என்றால் மட்டும் ஷஃபிளில் போட்டுக் கேட்பது என்ன நியாயம்?

இப்போது வருகிற குத்துப் பாட்டுகளில் உறுமிக்குப் பஞ்சமில்லை. ஆனால் பெரும்பாலும் ஒரே உறுமி, எப்போதோ யாரோ வாசித்து ஹார்ட் டிஸ்க்கில் சேமித்தது. கட்டத்துக்குள் இழுத்து ஒட்டினால் மில்லிசெகண்டு பிசகாமல் உட்காரும். பிசகுதான் அதன் அழகு. ஓர் அறையில் பத்துப் பேர் சேர்ந்து அடித்தால் பத்துக் குச்சியும் ஒரே கணத்தில் தோலில் விழாது. ஒருவர் மயிரிழை முந்துவார், ஒருவர் பிந்துவார். அந்தச் சின்னச் சிதறலில்தான் மேளத்துக்குச் சதை போடும். 'பாய்ஸ்' பாட்டை நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள். அந்தச் சதை கேட்கும். ஏவிஎம்மிலும் பிரசாத்திலும் வாத்தியக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து ஒரே டேக்கில் வாசித்த கோடம்பாக்கத்துக்கு இது புதிதல்ல. இன்று கம்போசர் தனியாக ஒரு ஃப்ளாட்டில், ஏசி போட்டு, லேப்டாப்பில் திருவிழா நடத்துகிறார். ராப்பர்களின் கதியும் கிட்டத்தட்ட அதுதான். சினிமாப் பாட்டின் இரண்டாவது சரணத்துக்கு முன்னால் எட்டு வரி கொடுத்து, சொல்லிவிட்டுப் போ என்கிறார்கள். எட்டு வரியில் ஒரு ஆள் என்ன சொல்லிவிட முடியும்?

யோகி பி-யின் 'வல்லவன்', ஹிப்ஹாப் தமிழாவின் 'ஹிப் ஹாப் தமிழன்', அறிவும் ஆஃப்ரோவும் செய்த 'தெருக்குறள்' எல்லாம் முழு ஆல்பங்கள். அவற்றை விட்டுவிட்டு, இங்கிலீஷில் ராப் சொன்ன லண்டன் பெண்ணைத் தூக்கிப் பிடிக்கலாமா என்று கேட்பார்கள். தமிழில் சொன்ன ராப் வேறு, தமிழாக ஒலித்த ராப் வேறு என்பது என் கட்சி. 'வல்லவன்' எனக்கும் மனப்பாடம்தான். அதில் மொழி நம்முடையது, அடித்தாளம் பெரும்பாலும் அமெரிக்கா. 'பேர்ட் ஃப்ளூ'வில் மொழி அவர்களுடையது, தாளம் ஆடி மாதத்துத் தெரு. நம் மொழியும் நம் தாளமும் ஒரே மேடையில் சேர்வதற்கு 2018 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கீழ்ப்பாக்கத்து மைதானத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு மேடை ஏறியபோது கானாவும் ராப்பும் பறையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அங்கே ஒரு விஷயத்தில் அவர்கள் 'கலா'வைத் தாண்டிவிட்டார்கள், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். வாத்தியக்காரர்கள் மேடையின் முன்வரிசைக்கு வந்தார்கள், முகத்தோடும் பெயரோடும். 'கலா'வில் உறுமி உலகம் முழுக்கக் கேட்டது. அதைத் தேய்த்த கை யாருடையது என்று நாம் யாரும் பேசியதில்லை. தயாரிப்பாளர்களில் ஸ்விட்ச் பெயர் தெரியும், டிப்லோ பெயர் தெரியும், டிம்பலாண்ட் பெயர் சொல்லவே வேண்டாம். கோடம்பாக்கத்து அறையில் அன்று குச்சி பிடித்தவர்கள் ரசிகர்களின் பேச்சில் வெறும் 'லோக்கல் ட்ரம்மர்ஸ்'.

கேசட் உறையில் வாத்தியக்காரர்களின் பெயரை அச்சிடுகிற பழக்கத்தைப் பரவலாக்கியவர் ரஹ்மான். சிடி போய், ஸ்ட்ரீமிங் வந்து, அந்த உறையே காணாமல் போய்விட்டது. புதிதாக ஆல்பம் போடுகிற இளம் ராப்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பட்ஜெட்டில் எதை வேண்டுமானாலும் குறையுங்கள், உறுமிக்கு மட்டும் ஆளைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டவரின் பெயரை வீடியோவுக்குக் கீழே முதல் வரியில் போடுங்கள். கேட்கிறவர்களுக்கும் ஒன்று: அடுத்த முறை 'கலா'வைப் போடும்போது பதினோராவதுக்குத் தாவாமல் முதல் மூன்று பாட்டையும் வரிசையாகக் கேளுங்கள். அதற்குப் பிறகும் 'பேப்பர் ப்ளேன்ஸ்'தான் பெரிது என்று தோன்றினால் வாருங்கள், வாதாடிப் பார்ப்போம்.