எஃப்6 அழுத்தும் நேரம்

2001 ஜூலையில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் முன்னோடி ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரம் வந்தார். இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அங்கே தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் வெளிவந்தது விண்டோஸ் எக்ஸ்பி. இன்று நகரின் பூஜப்புரையிலுள்ள கைட் நிறுவனம் கேரளப் பள்ளிகளுக்குக் கட்டற்ற இயங்குதளமான லினக்ஸின் பதிப்பைத் தயாரித்துத் தருகிறது. வன்பொருளை இயக்கும் நிரல்களான டிரைவர்களில் பெரும்பாலானவை லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலோடே வந்துவிடுகின்றன.

எக்ஸ்பி அப்படியல்ல.

2014 ஏப்ரல் 8-உடன் மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிட்டது. ஆனாலும் பழைய பில்லிங் மென்பொருளுக்காக அதைத் தேடுவோர் உண்டு. பிற்காலக் கணினியில் அதை ஏற்றுவது தனிக் கைப்பக்குவம். சிடி சுழலும், கோப்புகள் ஏறும், சட்டென்று நீலத்திரை, கடைசியில் ‘7பி’ என்ற பிழை எண். ஹார்டு டிஸ்க் பெட்டிக்குள்தான் இருக்கிறது. எக்ஸ்பியின் கண்ணுக்குத்தான் தெரியவில்லை. பிற்காலக் கணினிகள் டிஸ்கோடு பேசும் ஏஹெச்சிஐ முறைக்கான டிரைவர் அதனிடம் கிடையாது.

கைதேர்ந்தவர் பதறமாட்டார். கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸுக்குள் போய்ப் பழைய ஐடிஇ முறைக்கு மாற்றுவார். அந்த வசதி இல்லையென்றால், தொடக்கத்திலேயே எஃப்6 அழுத்தி ஃபிளாப்பியிலிருந்து டிரைவரை ஊட்டுவார். ஃபிளாப்பிக்கே வழியில்லாத கணினியா? என்லைட் மென்பொருளால் டிரைவரைச் சிடிக்குள்ளேயே கலந்துவிடுவார்.

பிறகு, நீல வானத்தின்கீழ் எக்ஸ்பியின் அந்தப் பச்சைப் புல்மேடு திரையில் விரிகிறது.