வெள்ளாடைச் சிறுவனும் இடுகாட்டு மணமும்: மேயர் கிர்ஷன்பிளாட் ஓவியங்களில் சடங்கு

போலந்து நாட்டின் ஒபடோவ் என்னும் சிற்றூர் யூதர் வழக்கில் 'ஆப்ட்' எனப்படும். 1916இல் அவ்வூரில் பிறந்த மேயர் கிர்ஷன்பிளாட் 1934இல் கனடாவிற்குக் குடிபெயர்ந்தார். டொராண்டோ நகரில் வண்ணப்பூச்சும் சுவர்த்தாளும் விற்கும் கடை நடத்தி ஓய்வு பெற்ற பின்னர், 1990இல், தம் 73ஆம் அகவையில்தான் தூரிகையைக் கையிலெடுத்தார். 2009இல் மறையும்வரை அவர் வரைந்தவற்றுள் மிகப் பல ஆப்ட் நகர இளமைக்கால நினைவுகளே. எவரிடமும் முறையாகப் பயிலாதவர் என்பதால் இவ்வோவியங்களை 'வெகுளித்தன்மை வாய்ந்த நாட்டார் பாணி' என வகைப்படுத்துவது எளிது. அவ்வகைப்பாடு இவற்றின் உள்ளீட்டை மறைத்துவிடுகின்றது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

முதற்கண், 'தாமே கற்றவர்' என்னும் அடைமொழியை ஆராய்தல் வேண்டும். ஓவியரின் மகள் பார்பரா கிர்ஷன்பிளாட்-கிம்பிளெட் பெயர் பெற்ற நாட்டார் வழக்காற்றியல் அறிஞர். 1967 முதலே தந்தையின் நினைவுகளை நேர்காணல்களாகப் பதிவு செய்து வந்தவர்; சொன்னவற்றை வரையுமாறு பல்லாண்டுகள் தூண்டியவர்களுள் ஒருவர். அவ்வுரையாடல்களும் ஓவியங்களும் இணைந்து 2007இல் 'என்னை மேயர் ஜூலை என்றழைத்தனர்' எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் நூலாயின. வண்ணம் தீட்டுதலை அவருக்கு யாரும் கற்பிக்கவில்லை. ஆனால் எதனை நினைவுகூர வேண்டும், எவ்வளவு நுணுக்கமாகக் கூற வேண்டும் என்பதை மகளின் வினாக்கள் கற்பித்துள்ளன. தகவலாளியும் கலைஞரும் ஒருவராகவே அமைந்த இந்நிலை களஆய்வு செய்வோர்க்கு அரிதாகவே வாய்க்கும்.

அவர் முதலில் வரைந்தது தம் இளமைக்கால வீட்டின் சமையலறையை. இத்தேர்வு தற்செயலானதன்று. யூதக் குடும்பத்தில் சமையலறையும் ஒரு சடங்குக் களம். இறைச்சிக்குரிய கலங்களும் பாலுக்குரிய கலங்களும் வேறுவேறாதல் வேண்டும். ஓய்வுநாள் உணவு வெள்ளிக்கிழமை ஞாயிறு மறையுமுன் ஆயத்தமாதல் வேண்டும். எப்பொருள் எங்கு, எச்செயல் எப்போது என்னும் ஒழுங்கே அவ்வாழ்வின் இலக்கணம். கிர்ஷன்பிளாட் எப்பொருளையும் நிழலில் கரையவிடாது தெளிவாகக் காட்டுவதைத் திறன் குறைவாகக் கொள்ளலாகாது. சடங்கில் எப்பொருளும் பின்னணியாக இருக்க இயலாது என்பதை அறிந்தவரின் பார்வை அது.

இடுகாட்டில் நிகழும் 'கருந்திருமணம்' பற்றிய ஓவியம் இவற்றுள் தனித்து ஆராயத்தக்கது. வாந்திபேதி ஊரைச் சூறையாடிய காலங்களில், ஏழைகள், பெற்றோரற்றோர், உடற்குறையுடையோர் ஆகியோருள் இருவரைத் தேர்ந்து, ஊர்ச் செலவில், கல்லறைகளுக்கிடையே மணம் முடித்து வைப்பது கிழக்கு ஐரோப்பிய யூதரிடையே நிலவிய வழக்கம். அவ்வறச்செயலால் நோய் நீங்கும் என நம்பினர். ஓவியம் சுட்டும் காலம் ஏறத்தாழ 1892. ஓவியர் பிறப்பதற்கு இருபத்துநான்கு ஆண்டுகள் முந்தியது. ஆகவே இது கண்டதன்று, கேட்டது. எனினும் கண்டவற்றை வரைந்த அதே உறுதியுடன் இதனையும் வரைந்துள்ளார். வாய்மொழி மரபில் கேட்டதும் கண்டதும் ஒரே தகுதி பெறும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை. மணமக்களை எவரேனும் இசைவு கேட்டனரா என்னும் வினாவை மட்டும் ஓவியம் எழுப்பவில்லை. குடும்பம் அமைய வழியற்ற இருவர்க்கு ஊர் குடும்பம் அமைத்துத் தருகின்றது; அதே வேளையில் அவர்களை மருந்தாகவும் பயன்படுத்துகின்றது. ஈகையும் கொடுமையும் ஒரே விதானத்தின் கீழ் நிற்கின்றன. இதனைக் கடந்தகால ஏக்கம் என்று மட்டும் வாசிப்போர் ஓவியத்தின் பாதியையே காண்கின்றனர்.

பூரிம் விழாவில் யூதர்கள் போலந்து உழவர் உடையணிந்து நடித்த 'கிராக்கோவ் திருமணம்' நாடகத்தையும் அவர் வரைந்துள்ளார். அண்டை வீட்டாரின் மணச்சடங்கைத் தம் விழாவில் போலச்செய்தல் தனி ஆய்வுக்குரியது.

'வெள்ளை இரவுடைச் சிறுவன்' என்னும் ஓவியத்தின் பின்னணி இன்னொரு குடும்பச் சடங்கு. முன் பிறந்த பிள்ளைகளை இழந்த பெற்றோர், எஞ்சிய மகனுக்கு வெள்ளுடையே அணிவித்தனர். யூதர் வழக்கில் பிணத்தைப் போர்த்தும் ஆடை வெண்மையானது. தேடி வரும் மரணத்தூதன் இவன் முன்னரே இறந்தவன் என எண்ணித் திரும்பிவிடுவான் என்பது நம்பிக்கை. பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்த குழந்தைக்குக் 'குப்பை' எனப் பெயரிடும் வழக்கறிந்த தமிழ் வாசகர்க்கு இத்தந்திரத்தின் துயரம் விளங்காமற் போகாது.

1942 அக்டோபரில் ஆப்ட் நகரின் யூதர்கள், ஏறத்தாழ ஆறாயிரவர், டிரெப்ளிங்கா கொலைமுகாமிற்குக் கொண்டு செல்லப்பட்டனர். ஓவியர் அதனை நன்கறிந்தே இச்சிறுவனை வரைந்தார். காண்போரும் அறிந்தே காண்கின்றனர். எனினும் படத்தின் காலம் பெற்றோரின் நம்பிக்கை பொய்க்காதிருந்த காலம். அந்நாளைத் தாண்டி ஓவியர் அவனை அழைத்துச் செல்லவில்லை.