கதையும் கழிப்பறையும்: அம்பத்தூர் பக்கம் பார்க்க என்ன இருக்கு?

அரையாண்டு விடுமுறைக்கு முன்னால் மேடானிலிருந்து ஒரு நண்பர் கூப்பிட்டார். மேடான், இந்தோனேசியாவில் சுமத்ரா தீவிலுள்ள பெரிய நகரம். ஆறு வருடமாக அங்கேதான் வேலை. "ரெண்டு நாள் உங்க வீட்லதான் தங்கப் போறோம். மெரினா, மகாபலிபுரம் எல்லாம் பசங்க பார்த்தாச்சு. உங்க ஏரியாவுலயே ஏதாவது காட்டுங்க" என்றார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நம்ம ஊர்ல என்னப்பா இருக்கு? ஒண்ணுமே இல்ல."

ஆறாம் வகுப்பு படிக்கிறாள். பிறந்ததிலிருந்து அம்பத்தூர்தான். அவள் அப்படிச் சொன்னதைவிட, எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை என்பதுதான் உறுத்தியது.

அன்று ராத்திரி உட்கார்ந்து, "அம்பத்தூரில் குடும்பத்துடன் பார்க்க வேண்டிய பத்து இடங்கள்" வகையறாப் பட்டியல்களை ஒரு பன்னிரண்டு படித்தேன். ஆவடிக்கு, பூந்தமல்லிக்கு என்று தனித்தனியாகவும் இருக்கின்றன. இந்தக் குறிப்பு அந்தப் பட்டியல்களைப் பற்றியது.

பட்டியலில் என்ன இருக்கிறது

முதல் வேடிக்கை, அம்பத்தூர்ப் பட்டியலில் பாதி அம்பத்தூரில் இல்லை. மெரினா, வண்டலூர், மகாபலிபுரம். அம்பத்தூரிலிருந்து மகாபலிபுரம் 60 கிலோமீட்டருக்கு மேல். எழுதியவர் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிப் போட்டுவிட்டார்.

மிச்சமுள்ள பாதியில் மூன்று சங்கதிதான். மால், பெங்களூர் நெடுஞ்சாலையில் பழஞ்சூர்ப் பக்கம் இருக்கும் குயின்ஸ்லேண்ட் மாதிரியான கேளிக்கைப் பூங்கா, கோயில். கோயிலென்றால் ஆளுக்கு இரண்டு வரி. மாங்காட்டுக்கு ஆறு வாரம் போனால் கல்யாணம் கூடும். திருநின்றவூர் போனால் இதய நோய் தீரும். நம்பிக்கையோடு போகிறவர்களிடம் எனக்கு ஒரு சண்டையும் இல்லை, என் அம்மாவே மாங்காட்டுக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழம் கொண்டுபோனவர்தான். ஆனால் மேடானிலிருந்து வருகிற பத்து வயசுப் பையனுக்குக் கல்யாணத் தடையும் இல்லை, நெஞ்சு வலியும் இல்லை. அவனுக்கு அந்த இரண்டு வரியால் என்ன பிரயோஜனம்?

மூன்றாவது, எல்லா இடத்துக்கும் "குழந்தைகளுக்கு ஏற்றது" என்று ஒரு முத்திரை. அங்கே நிழல் இருக்கிறதா, குடிதண்ணீர் கிடைக்குமா, கழிப்பறை திறந்திருக்குமா, எந்த ரயில் நிலையத்தில் இறங்கணும், நடை எத்தனை மணிக்குச் சாத்துவார்கள் என்று ஒரு வார்த்தை கிடையாது. போகாமலேயே எழுதியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

முதல் நாள்: டிக்கெட் இடம்

நண்பர் குடும்பம் வந்தது. முதல் நாள் பசங்க சொன்னபடியே ஒரு கேளிக்கைப் பூங்கா. நியாயமாகச் சொல்லணும், நன்றாகவே போனது. தண்ணீரில் விழுந்தார்கள், கத்தினார்கள், சாப்பிட்டார்கள், சாயங்காலம் காரில் தூங்கிப்போனார்கள். கழிப்பறை இருந்தது, நிழல் இருந்தது, வயதான என் அம்மா உட்கார இடம் இருந்தது. இந்த மாதிரி இடங்களைக் கேலி செய்து எழுதுவது சுலபம். ஆனால் ஒரு குடும்பத்துக்கு ஒரு முழு நாளில் என்னென்ன தேவைப்படும் என்று யோசித்துக் கட்டியவர்கள் இவர்கள்தான் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

குறை ஒன்றுதான். அதே ராட்டினம் மேடானிலும் இருக்கும், மதுரையிலும் இருக்கும். பூந்தமல்லியைப் பற்றி அந்த இடம் எதுவும் சொல்வதில்லை.

இரண்டாம் நாள்: கதை இடம்

மறுநாள் காலை திருமுல்லைவாயில். அம்பத்தூருக்கு அடுத்த ஸ்டேஷன். சுந்தரர் பாடிய தலம், மாசிலாமணீசுவரர் கோயில். உள்ளே போனதும் நண்பரின் பையன் கேட்டான்: "அங்கிள், இந்த மாடு ஏன் சாமியைப் பார்க்காம வெளியே பார்க்குது?"

பொதுவாகச் சிவன் கோயில்களில் நந்தி லிங்கத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். இங்கே திரும்பி வாசலைப் பார்க்கிறது. தலபுராணக் கதையைச் சொன்னேன். புழலில் கோட்டை கட்டியிருந்த குறும்பர்களோடு தொண்டைமான் சண்டைக்கு வருகிறான். வழியில் யானையின் கால் முல்லைக்கொடியில் சிக்கிக்கொள்கிறது. வாளால் கொடியை வெட்டுகிறான், ரத்தம் வருகிறது. கீழே பார்த்தால் லிங்கம். மனம் நொந்து தன் கழுத்தையே அறுக்கப் போனவனை இறைவன் தடுத்து, துணைக்கு நந்தியை அனுப்புகிறார். அதனால்தான் நந்தி புறப்படுகிற தோரணையில் வெளியே பார்க்கிறது. ஜெயித்த தொண்டைமான் குறும்பர் கோட்டையிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லும் இரண்டு வெள்ளெருக்குத் தூண்கள் கருவறைக்கு முன்னால் நிற்கின்றன. வெட்டுப்பட்ட லிங்கத்துக்கு ஆண்டு முழுக்கச் சந்தனக் காப்பு.

பசங்க இரண்டு பேரும், என் மகளும், வாயைத் திறந்து கேட்டார்கள். பதினைந்து நிமிஷம். எங்கள் வீட்டுக்கு அடுத்த ஸ்டேஷன் இது. என் மகளை நான் இங்கே நாலு தடவையாவது கூட்டி வந்திருப்பேன். ஒரு தடவைகூட இதைச் சொன்னதில்லை. கும்பிட்டோம், திருநீறு வாங்கினோம், கிளம்பினோம். "ஒண்ணுமே இல்ல" என்று அவள் சொன்னதில் என் பங்கும் இருக்கிறது.

இதோடு முடித்தால் நல்ல கதை. ஆனால் அதே நாளில் இன்னொரு கோயிலுக்கும் போனோம். பெயர் வேண்டாம். அங்கேயும் ஒரு நல்ல கதையை ஆரம்பித்தேன். பாதியில் சின்னவள் அம்மாவின் புடவையை இழுத்தாள். கழிப்பறை இருந்தது, பூட்டு போட்டிருந்தது. சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு திசை காட்டினார்கள். கடைசியில் மெயின் ரோட்டுக்கு வந்து, ஒரு ஓட்டலில் வேண்டாத காபி நாலு வாங்கி, அவர்கள் கழிப்பறையைக் கடன் வாங்கினோம். கதையை நான் முடிக்கவே இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

நம் பக்கத்து நிலைமை எனக்குப் புரிந்தது அந்தக் காபிக் கடையில்தான். காசு கொடுத்துப் போகும் இடத்தில் கழிப்பறை இருக்கிறது, கதை இல்லை. கதை இருக்கிற இடத்தில் கழிப்பறை இல்லை, கதையைச் சொல்ல ஆளும் இல்லை. ஒரு குடும்பத்துக்கு இரண்டும் வேண்டும். பட்டியல் எழுதுகிறவர்கள் இரண்டையுமே விசாரிப்பதில்லை.

மேடானில் என்ன செய்கிறார்கள்

காபி குடித்துக்கொண்டே நண்பரிடம் கேட்டேன், உங்க ஊர்ல வர்றவங்களுக்கு என்ன காட்டுவீங்க? மைமுன் அரண்மனை, பெரிய மசூதி என்று ஆரம்பித்தார். அப்புறம் சோங் ஆ ஃபீ என்ற சீன வணிகரின் பழைய வீடு. 2009-ல் அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். வழிகாட்டி ஒருவர் கூடவே வந்து அறை அறையாகக் கதை சொல்வாராம். பிறகு 1884-ல் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோயில். டெலிப் பகுதிப் புகையிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர்கள் காலத்துக் கோயில் அது. சுற்றியுள்ள பகுதிக்கு ஒரு காலத்தில் கம்போங் கெலிங் என்று பெயர், இப்போது கம்போங் மெட்ராஸ்.

யோசித்துப் பாருங்கள். மெட்ராஸ் என்ற பெயரையும் ஒரு மாரியம்மன் கோயிலையும் வைத்துக்கொண்டு அந்த ஊர் வருகிறவர்களுக்கு ஒரு வரலாறு சொல்கிறது. திருவேற்காட்டில் கருமாரியம்மனை வைத்துக்கொண்டு நாம் பார்க்கிங் டோக்கன் கொடுக்கிறோம். அதே திருவேற்காட்டில், சம்பந்தர் பாடிய வேதபுரீசுவரர் கோயிலும் இருக்கிறது. அறுபத்துமூவரில் ஒருவரான மூர்க்க நாயனாரின் ஊர் அது. அடியாருக்குச் சோறு போடக் கையில் காசு தீர்ந்ததும் சூதாடிச் சம்பாதித்து அன்னமிட்டவர் அவர். சூதாடின நாயனார் என்றால் எந்தப் பையனும் நின்று கேட்பான். நான் படித்த பட்டியல்களில் அவர் இல்லை.

பட்டியலில் வராதவை

கோயிலோடு முடிகிற விஷயமும் இல்லை இது. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு ஆவடியில்தான் நடந்தது. சோஷலிச பாணிச் சமுதாயம்தான் லட்சியம் என்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. இந்தியப் பொருளாதாரம் படிக்கிற மாணவர்கள் எல்லா ஊரிலும் "ஆவடி" என்ற பெயரைப் படிக்கிறார்கள், ஆவடிப் பிள்ளைகளைத் தவிர. ஆவடி என்பது ராணுவ வண்டிகளைக் குறிக்கும் ஆங்கில எழுத்துச் சுருக்கம் என்று ஒரு கதை உலவுகிறது, பட்டியல்களும் அதையே ஒப்பிக்கின்றன. டாங்க் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது 1960-களில்; 1965-ல்தான் முதல் விஜயந்தா டாங்க் வெளியே வந்தது. அதற்குப் பத்து வருடம் முன்பே மாநாட்டுக்கு ஆவடி என்றுதான் பெயர். இதைச் சரிபார்க்க ஆராய்ச்சி வேண்டாம், கொஞ்சம் அக்கறை போதும்.

அம்பத்தூருக்கு வாருங்கள். தொழிற்பேட்டை 1964-ல் தொடங்கியது. டன்லப், டி.ஐ. சைக்கிள், பிரிட்டானியா, வாவின், லூகாஸ்: எங்கள் பக்கத்து பஸ் நிறுத்தங்களின் பெயர்கள் இவை. நிறுத்தத்துக்குச் சாமி பெயர், தலைவர் பெயர் வைக்கிற நாட்டில் டயர், சைக்கிள், பிஸ்கட் கம்பெனிகளின் பெயரைச் சொல்லி டிக்கெட் எடுக்கிறோம். ஒரு கிழவரைப் பிடித்து ஜன்னலோரம் உட்கார வைத்தால், பாடியிலிருந்து ஆவடி வரைக்கும் சி.டி.எச். சாலையில் நடமாடும் அருங்காட்சியகம் தயார்.

பூந்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயிலில் திருக்கச்சி நம்பிக்குச் சன்னதி உண்டு. இங்கே பிறந்து, நந்தவனம் போட்டு, பூவைக் காஞ்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர். சாதியில் உயர்ந்த ராமானுஜர் அவரைக் குருவாகக் கருதினார். பக்கத்திலேயே திருமழிசை, ஆழ்வார் பிறந்த ஊர். செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது: 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எல்லார் வாயிலும் அடிபட்ட பெயர். பட்டியலில் அது "பிக்னிக் ஸ்பாட்".

ஒரு நல்ல உதாரணமும் சொல்லிவிடுகிறேன். ஆவடி பருத்திப்பட்டு ஏரியைச் சீரமைத்து 2019-ல் திறந்தார்கள். நடைபாதை, படகு, உட்கார இடம், பறவைகள். அன்று சாயங்காலம் அங்கேதான் போனோம். அம்மா உட்கார்ந்தார், பசங்க ஓடினார்கள். குப்பை கொட்டுகிற பள்ளமாகக் கிடந்தால் ஏரிக்காக யாரும் குரல் கொடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போகிற இடமாகிவிட்டால் ஆளுக்கு ஒரு கண் அதன்மேல் இருக்கும். "இங்கே ஒண்ணும் இல்ல" என்ற பேச்சு சும்மா பேச்சு இல்லை. ஒண்ணும் இல்லாத இடத்தில்தான் லாரி மண் கொட்டும்.

அரசன் பார்க்க வந்த கோயில்

கிளம்புகிற நாள் காலை மின்ரயிலில் திருநின்றவூர். பட்டியலில் "இதய நோய் தீர்க்கும் கோயில்" என்று வருகிற இருதயாலீசுவரர். பெரிய புராணத்தில் வரும் பூசலார் கதை இந்த ஊர்க்கதை. கோயில் கட்ட ஆசை, கையில் காசில்லை. மனசுக்குள்ளேயே கல் கல்லாகக் கட்டி முடித்துக் குடமுழுக்குக்கு நாள் குறிக்கிறார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ அரசன் கட்டிய கற்றளிக்கும் குடமுழுக்கு. இறைவன் அரசன் கனவில் வந்து, நின்றவூரில் ஒருவன் கட்டிய கோயிலுக்கு நாளைக்குப் போகணும், உன்னுடையதை வேறு நாளுக்குத் தள்ளிவை என்கிறார். அரசன் அலறிப் புடைத்துக்கொண்டு வந்து, எங்கே அந்தக் கோயில் என்று ஊர்க்காரர்களிடம் விசாரிக்கிறான். இங்கே அப்படி ஒரு கோயிலும் இல்லையே என்கிறார்கள்.

ரயிலில் திரும்பும்போது இதைச் சொன்னேன். என் மகள் யோசித்துவிட்டு, "அப்போ அந்த ராஜா டூரிஸ்டாப்பா?" என்றாள். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். ஊர்க்காரர்களுக்கே தெரியாததைத் தேடி வந்த முதல் ஆள்.

பட்டியல் எழுதுகிறவர்களுக்கு என் கோரிக்கை பெரிசில்லை. பத்து இடம் வேண்டாம், மூன்று போதும். போய் நின்று பார்த்துவிட்டு எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை, ஒரு கழிப்பறை, ஒரு ஸ்டேஷன் பெயர், நடை சாத்தும் நேரம். கோயில் நிர்வாகங்களுக்கும் உள்ளாட்சிக்கும் அதே கோரிக்கைதான்: ஒரு பலகை, பூட்டாத ஒரு கதவு.

மேடான் போய்ச் சேர்ந்த பிறகு நண்பரின் பையன் ஒரு குரல்செய்தி அனுப்பியிருந்தான். ராட்டினத்தைப் பற்றி இல்லை. "அங்கிள், எருக்கஞ்செடி எங்க வீட்டு வாசல்லகூட இருக்கு, என் உசரம்தான். அதுல எப்படி அவ்ளோ பெரிய தூண் வரும்?" என் மகள் அதைக் கேட்டுவிட்டு, அடுத்த ஞாயிறு திருமுல்லைவாயில் போய் இன்னொரு தடவை பார்க்கணும் என்கிறாள்.