இன்னொரு செவி: வீட்டறையில் பதிவாகும் மீள்பாடல்கள் குறித்துச் சில அவதானங்கள்

கவிதைக்கும் சிறுகதைக்கும் நாம் விமர்சனம் எழுதுகிறோம். நாடகத்துக்கும் அவ்வப்போது எழுதுகிறோம். ஆனால், வீட்டின் ஓர் அறைக்குள் தனியே இருந்து, பிறர் பாடிய பாட்டொன்றின் வாத்தியங்களைத் தானே வாசித்து, தானே பாடி, தானே பதிவு செய்கின்ற ஒருவரின் ஆக்கத்தைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. அவருக்குக் கிடைப்பவை இரண்டு வகை அபிப்பிராயங்கள் மாத்திரமே. ஒன்று, 'அச்சொட்டாக அப்படியே இருக்கிறது'. மற்றையது, 'என்ன இருந்தாலும் அசல் போல வராது'. பாராட்டாகவும் பழிப்பாகவும் தோன்றினாலும் இரண்டும் ஒரே அளவுகோலைத்தான் கையில் வைத்திருக்கின்றன. அந்த அளவுகோல் தவறானது என்பதே எனது நிலைப்பாடு.

ஆங்கிலத்தில் 'கவர்' எனப்படுவதை இக்கட்டுரையில் மீள்பாடல் என்று குறிப்பிடுகிறேன். பல வருடங்களாக ஓய்வு நேரங்களில் ஒரு கிற்றாருடனும் சிறிய கீபோர்ட்டுடனும் இந்த வேலையில் ஈடுபட்டு வருபவன் என்ற வகையிலும், இன்னும் பலரின் பதிவுகளை விரும்பிக் கேட்பவன் என்ற வகையிலும் இதனை எழுதுகிறேன்.

பிறர் மெட்டைக் கையாள்வது குறித்த சர்ச்சை நமது நாட்டுக்குப் புதிதல்ல. சேலத்தில் பிறந்து, இளவயதில் இலங்கைக்கு வந்து, சிங்களப் பாடல்களால் புகழ்பெற்று, 1991இல் மறைந்த மொஹிதீன் பேக்கின் காலத்தில் சிங்களத் திரைப்படப் பாடல்கள் பல இந்தி மெட்டுகளின் மேல் எழுதப்பட்டன. அங்கே மெட்டுக் கடன், சொல் புதிது. மீள்பாடலில் மெட்டும் கடன், சொல்லும் கடன். அப்படியாயின் பாடுகின்றவர் தன் பங்குக்கு எதைக் கொண்டுவருகிறார் என்ற கேள்வி நியாயமானதே.

அவர் கொண்டுவருவது ஒரு வாசிப்பை. ஒரு பாட்டை வெறுமனே கேட்பதற்கும் அதன் ஒவ்வொரு வாத்தியத்தையும் தன் கையால் மீண்டும் வாசிப்பதற்கும் இடையில், ஒரு கவிதையைப் படிப்பதற்கும் மொழிபெயர்ப்பதற்கும் இடையிலுள்ள அளவு தூரம் இருக்கிறது. மொழிபெயர்ப்பவர் எந்தச் சொல்லையும் தாண்டிப் போக முடியாது. அதேபோல, அறையிலிருந்து பதிபவரும் ஒரு பாட்டின் எந்த இடத்தையும் தாண்டிப் போக முடியாது. இந்த இடத்தில் பேஸ் கிற்றார் ஏன் இறங்குகிறது, இந்த வரிக்குப் பின்னால் வயலின்கள் ஏன் மௌனமாகின்றன என்றெல்லாம் அவர் கேட்டாக வேண்டும்.

நமக்கெல்லாம் பரிச்சயமான ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலுமகேந்திரா இயக்கிய 'மூடுபனி' 1980இல் வெளியானது. இளையராஜாவின் நூறாவது படம் அது. அதில் யேசுதாஸ் பாடிய கிற்றார் பாட்டை, கிற்றார் பழகுகின்ற தமிழ் இளைஞர்களில் வாசித்துப் பார்க்காதவர்கள் குறைவு. நான் கேட்ட வீட்டுப் பதிவுகளில் பெரும்பாலானவை கிற்றாரின் தொடக்கத்தை வெகு சிரத்தையோடு வாசிக்கின்றன. ஆனால் பேஸ் கிற்றாரை வெறும் ஆதாரச் சுரத்தில் நிறுத்திவிடுகின்றன. இளையராஜாவின் பாடல்களிலோ பேஸ் கிற்றார் பெரும்பாலும் இரண்டாவது பாடகனைப் போன்றது. அது தனக்கென ஒரு மெட்டை வைத்துக்கொண்டு குரலோடு பேசும். அதனை விட்டுவிட்ட பதிவு எவ்வளவு 'அச்சொட்டாக' இருந்தாலும் அரைகுறை வாசிப்புத்தான். மறுபுறம், வயலின்களை அடியோடு நீக்கிவிட்டு, பேஸ் கிற்றாரின் அந்த உரையாடலை மட்டும் கிற்றாரின் தடித்த தந்திகளில் கொண்டுவந்த பதிவொன்றையும் கேட்டிருக்கிறேன். அசலைப் போல ஒலிக்காத அந்தப் பதிவுதான் அசலைப் பற்றி எனக்கு அதிகம் சொன்னது.

ஆயினும் தனியே பதிவு செய்வதில் அடிப்படையான சிக்கல் ஒன்று உண்டு. திறமைக் குறைவோ கருவிக் குறைவோ இதற்குக் காரணமல்ல. இதைப் பற்றிப் பேசுவதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

அக்காலச் சென்னைத் திரைப்பட ஒலிப்பதிவுகளில் வாத்தியக் குழுவினரும் பாடகரும் பெரும்பாலும் ஒரே வேளையில் வாசித்தும் பாடியும் பதிவு செய்தனர். பாடகர் ஒரு சொல்லைச் சற்றே இழுத்தால் தபேலாக்காரர் அதைக் கேட்பார். அவர் கை தாமதிக்கும். அதைக் கேட்டு மற்றவர்களும் அடங்குவார்கள். ஒவ்வொருவரும் ஒரே நேரத்தில் சொல்பவராகவும் கேட்பவராகவும் இருந்தார்கள்.

தனியே பதிபவர் அடுக்கடுக்காகப் பதிகிறார். முதலில் தாளம், அதன்மேல் கிற்றார், அதன்மேல் பேஸ், கடைசியில் குரல். இரண்டாவது அடுக்கு முதலாவதைக் கேட்கிறது. மூன்றாவது இரண்டையும் கேட்கிறது. குரல் எல்லாவற்றையும் கேட்கிறது. ஆனால் முதலாவது அடுக்கு எதையும் கேட்கவில்லை. அது பதிவான வேளையில் கேட்பதற்கு எதுவுமே இருக்கவில்லை. செவியில்லாத ஒருவன் முன்னே நடக்க, செவியுள்ளவர்கள் எல்லோரும் அவனைப் பின்தொடர்வது போன்ற நிலை இது.

இதனை எனக்குத் துலக்கமாக உணர்த்தியவர் தபேலா வாசிக்கின்ற எனது உறவினர் ஒருவர். ஒரு வாலிபரின் பதிவொன்றை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம். நல்ல குரல், சுத்தமான வாசிப்பு. கேட்டு முடிந்ததும் அவர் சொன்னார்: "மச்சான், தபேலா நல்லாத்தான் இரிக்கி. ஆனா அது பாட்டக் கேக்கல்லியே." பிறகு மீண்டும் போட்டுக் கேட்டபோது புரிந்தது. வரியின் முடிவில் குரல் தளர்ந்து இறங்குகிறது. தபேலாவோ எதுவும் நடக்காதது போல அதே கனத்தில் தட்டிக்கொண்டு போகிறது. இருவருக்கும் அறிமுகமே இல்லை. இருவரும் ஒரே ஆள் என்பதுதான் வேடிக்கை.

இந்தச் சிக்கலின் வரலாறு சுவாரசியமானது. ஒரே ஆள் பல பகுதிகளையும் வாசித்து அடுக்கிய பதிவுகளுள் ஆரம்பகாலத்தில் பெரும் புகழ் பெற்ற ஒன்று, வீட்டில் பதிவான மீள்பாடல்தான். அமெரிக்கக் கிற்றார் கலைஞர் லெஸ் போல், 1932ஆம் ஆண்டுத் திரைப்படப் பாடலான 'லவர்' என்பதை ஹொலிவூட்டிலுள்ள தனது வீட்டின் கராஜில் எட்டுக் கிற்றார் பகுதிகளாக வாசித்து 1948இல் வெளியிட்டார். காந்த நாடா அப்போது அவர் கைக்கு வந்திருக்கவில்லை. கடிலாக் மோட்டார் வாகனத்தின் ஃப்ளைவீலைக் கொண்டு தானே செய்த இயந்திரத்தில் இசைத்தட்டை வெட்டினார். முதல் தட்டை ஓடவிட்டு, அதனுடன் சேர்ந்து வாசித்து, இரண்டையும் சேர்த்து இரண்டாவது தட்டில் பதிந்தார். பிறகு மூன்றாவது, நான்காவது என்று தொடர்ந்தார். ஏழாவது பகுதியில் விரல் தவறினால் அந்தத் தட்டை ஒதுக்கிவிட்டு, அந்தப் பகுதியை மீண்டும் வாசித்துப் பதிய வேண்டும். 1951இல் மனைவி மேரி ஃபோர்ட்டுடன் இணைந்து வெளியிட்ட 'ஹவ் ஹை த மூன்' பாடலை நாடாவில் அடுக்கினார். அது 1940ஆம் ஆண்டு மேடைப் பாடலொன்றின் மீள்பாடல். அமெரிக்க விற்பனைப் பட்டியலில் ஒன்பது வாரங்கள் முதலிடத்தில் இருந்தது.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது அவருடைய கருவிகளின் வறுமையை. திரும்பிச் சென்று முதல் அடுக்கை மட்டும் மாற்ற அவரால் இயலாது. ஆகவே முதல் அடுக்கை வாசிக்கும்போதே எட்டாவது அடுக்கு எப்படி இருக்கும் என்று மனதால் கேட்டிருக்க வேண்டியவராக இருந்தார். கருவி தராத செவியை அவர் முன்யோசனையால் ஈடுசெய்தார்.

1979இல் டியக் நிறுவனம் சாதாரண கசற்றில் நான்கு தடங்களைப் பதியும் சிறு இயந்திரத்தை வெளியிட்டது. 2000இல் ஓடாசிற்றி என்ற இலவச மென்பொருள் வந்தது. இன்று ஒரு மடிக்கணினியும் ஒரு மைக்கும் போதும். எந்த அடுக்கையும் எத்தனை தடவையும் மாற்றலாம். லெஸ் போலுக்குக் கிடைக்காத 'திரும்பிச் செல்லுதல்' நமக்கு இலவசமாகக் கிடைத்திருக்கிறது. ஆனால் அதை நாம் பயன்படுத்துவது எதற்கு? பிழைத்த சுரத்தைத் திருத்துவதற்கு. கேட்காத அடுக்கைக் கேட்கவைப்பதற்கு அல்ல.

வழி இல்லாமலில்லை. அனுபவமுள்ளவர்கள் முதலில் ஒப்புக்கு ஒரு தடவை பாடிப் பதிந்து வைத்துக்கொள்கிறார்கள். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே தாளத்தையும் கிற்றாரையும் வாசிக்கிறார்கள். பிறகு அதனை அழித்துவிட்டு உண்மைக் குரலைப் பாடுகிறார்கள். மேலும் சிரத்தையுள்ளவர்கள் அந்த உண்மைக் குரலைக் கேட்டபடி தாளத்தை மறுபடியும் வாசிக்கிறார்கள். கதை எழுதுபவர் முடிவை எழுதிய பின்னர் தொடக்கத்துக்குத் திரும்பி, அந்த முடிவை அறிந்தவராக முதற் பந்தியை மாற்றி எழுதுவது போன்றது இது. மீள்பாடலொன்றைக் கேட்கும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான்: இவர் முதல் அடுக்குக்குத் திரும்பிப் போனாரா?

திரும்பிப் போகவிடாமல் தடுப்பவற்றுள் மெட்ரோனோமும் ஒன்று. தனியே அடுக்குபவருக்கு அது தவிர்க்க முடியாத கைத்தடி என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரு பழைய பாட்டை மென்பொருளில் போட்டு, அதன்மேல் மெட்ரோனோமை ஓடவிட்டுப் பாருங்கள். சில வரிகளுக்குள் இரண்டும் விலகிவிடும். சரணத்தில் குழு சற்றே முந்தும், பல்லவிக்குத் திரும்பும்போது சற்றே தங்கும். அது பிழையன்று. பலர் ஒருவரையொருவர் கேட்டதன் தடயம். மெட்ரோனோமின் கட்டத்துக்குள் அதே பாட்டை இழுத்து அடைக்கும்போது நாம் நீக்குவது அந்தத் தடயத்தைத்தான்.

தனிமையின் எல்லை இதுதானா என்றால், இல்லை என்பதற்கும் சாட்சி உண்டு. இலண்டனைச் சேர்ந்த ஜேக்கப் கொலியர் தனது வீட்டு அறையில் எல்லாக் குரல்களையும் வாத்தியங்களையும் தானே பதிந்து, 2013இல் ஸ்டீவி வொண்டரின் பாடலொன்றை வெளியிட்டபோது அவருக்கு வயது இருபதுக்குள். அதே அறையில் உருவான அவரது 2016ஆம் ஆண்டு இசைத்தொகுப்பு 2017இல் இரண்டு கிராமி விருதுகளைப் பெற்றது. இரண்டும் இசைக்கோப்புக்கானவை, இரண்டுமே மீள்பாடல்களுக்கானவை. அவருடைய அலங்காரங்கள் சில வேளைகளில் பாட்டையே மூடிவிடுகின்றன என்பது எனது அபிப்பிராயம். எனினும் அவருடைய அடுக்குகள் ஒன்றுக்கொன்று பதில் சொல்கின்றன. ஒரு குரல் தாமதிக்கும் இடத்தில் மற்றது அதற்காகக் காத்திருக்கிறது. ஒரே ஆள் பலராக இருந்து கேட்க முடியும் என்பதற்கு அது போதுமான சான்று.

இன்று இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. 1997இல் வந்த ஓட்டோ-டியூன் சுருதியைத் திருத்தியது. இப்போதைய செயற்கை நுண்ணறிவு குரலையே மாற்றித் தருகிறது. 2024இல் வெளியான 'லால் சலாம்' படத்துக்காக ஏ. ஆர். ரஹ்மான், மறைந்த பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் குடும்பத்தாரின் அனுமதியுடன் இவ்விதம் உருவாக்கினார். அனுமதி பெற்ற, ஊதியம் வழங்கப்பட்ட அந்த முயற்சி வேறு. அறையில் இருப்பவர் தான் பாடியதன்மேல் மறைந்த பாடகரின் குரலைப் போர்த்திக்கொள்வது வேறு. மெட்டும் சொல்லும் கடனாக உள்ள இடத்தில் அவருக்குச் சொந்தமாக இருந்தது குரலும் வாசிப்புமே. குரலையும் கடன் வாங்கிய பின்னர், யாருடைய வாசிப்பு இது என்று கேட்பவருக்கு விடை கிடையாது.

யார் இந்த வேலையைச் செய்கிறார்கள் என்பதையும் மறந்துவிடலாகாது. மேடை கிடைக்காதவர்கள், மேடை ஏற முடியாத பெண்கள், வாத்தியச் சத்தத்தை விரும்பாத வீட்டில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசிப்பவர்கள், குழு சேர்க்க ஊரில் ஆளில்லாதவர்கள். மின்விசிறியை நிறுத்தி, யன்னலுக்குப் போர்வை கட்டி, அடுத்த வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஓயும்வரை காத்திருந்து, வியர்வையோடு பாடுகிறார்கள். இவர்களுக்குப் பணமும் இல்லை, புகழும் இல்லை. பாட்டின்மீது கொண்ட பிரியம் ஒன்றே இருக்கிறது.

இவர்களுக்கு இல்லாத இன்னொரு பொருள், அறைக்குள் இருக்க வேண்டிய இரண்டாவது செவி. குழுவில் பாடுபவருக்குப் பக்கத்தில் இருப்பவர் முகத்தைச் சுளித்தாலே போதும், திருத்திக்கொள்வார். தனியே பதிபவருக்கு அந்த முகம் இல்லை. நாமோ 'சூப்பர்' என்ற ஒரு சொல்லோடு கடந்துவிடுகிறோம். அது அன்பான சொல்தான். ஆனால் அதிலிருந்து எவரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. எனது உறவினர் சொன்ன ஒரு வாக்கியத்தை அந்த வாலிபருக்குத் தெரிவித்தோம். அவர் கோபிக்கவில்லை. எந்த வரியில் என்றுதான் கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை இசை தெரிந்த, எழுதத் தெரிந்த நம் எல்லோருக்கும் உண்டு. உங்களுக்குத் தெரிந்த ஒருவர் தனது பதிவொன்றை அனுப்பினால் இரண்டு தடவை கேளுங்கள். அசலோடு ஒப்பிடுவதைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, எந்த வாத்தியம் எதைக் கேட்கவில்லை என்று தேடுங்கள். கண்டுபிடித்தால், வரியைக் குறிப்பிட்டு அவருக்குச் சொல்லுங்கள்.