எடைக்குறைப்பின் தோன்றா எழுவாய்

எடை குறைப்பதற்கான குறிப்புகளை ஒரு பனுவலாக எடுத்து வாசித்தால் முதலில் கண்ணில் படுவது அவற்றின் இலக்கணம்தான். அதிகாலையில் எழவும். தினமும் ஒரு மணி நேரம் நடக்கவும். இரவு உணவை ஏழு மணிக்குள் முடிக்கவும். வரிக்கு வரி கட்டளை. எழுவாய் எங்கும் இல்லை. வகுப்பில் இதைத் தோன்றா எழுவாய் என்று சொல்லிக்கொடுக்கிறேன். வாக்கியத்தில் இல்லாவிட்டாலும் வினையை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். இந்தக் குறிப்புகளுக்குள் ஒளிந்திருக்கும் ஆளையும் அப்படியே கண்டுபிடிக்கலாம். அதிகாலையில் எழுந்தால் அந்த ஒரு மணி நேரம் முழுதும் தனக்கே சொந்தமாக இருக்கும் ஒருவர் அவர். நடந்துவிட்டு வீடு திரும்பும்போது இட்லி வெந்திருக்கும்.

குறிப்புகள் பொய் என்று நான் சொல்லவில்லை. 1994இல் ரீனா விங், ஜேம்ஸ் ஹில் ஆகிய இருவரும் அமெரிக்காவில் தேசிய எடைக் கட்டுப்பாட்டுப் பதிவேட்டைத் தொடங்கினார்கள். குறைந்தது பதின்மூன்றரை கிலோ குறைத்து, ஓராண்டாவது அதைத் தக்கவைத்தவர்களே அதில் சேரலாம். அவர்களில் 78 விழுக்காட்டினர் தினமும் காலை உணவு உண்கிறார்கள். 75 விழுக்காட்டினர் வாரம் ஒருமுறையாவது எடை பார்க்கிறார்கள். 90 விழுக்காட்டினர் நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். அதிசய மருந்து எதுவும் இதில் இல்லை, அன்றாடப் பழக்கங்கள்தாம். ஆனால் அது வென்றவர்கள் தாமாக முன்வந்து பெயர் கொடுத்த ஏடு. முயன்றும் முடியாதவர்களுக்கு அதில் பக்கம் கிடையாது.

எடை குறைந்தபின் உடல் செலவழிக்கும் ஆற்றல் குறைகிறது, பசி கூடுகிறது. ஆகவே குறைப்பதைவிடக் குறைத்ததைக் காப்பது கடினம். அதற்கு மன உறுதியைவிட, ஆண்டுக்கணக்கில் தினமும் கிடைக்கும் நேரம்தான் அதிகம் தேவை.

அந்த நேரம் யாரிடம் இருக்கிறது? இந்திய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதற்குப் பதில் வைத்திருக்கிறது. கூலியில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளுக்கு 299 நிமிடம். ஆண்களில் அந்த வேலையில் கைவைப்பவர்களே ஏறத்தாழ 26 விழுக்காடுதான். அவர்களும் செலவிடுவது 97 நிமிடம். நடைப்பயிற்சிக்கான ஒரு மணி நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்று தேடினால் கணக்கு இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் வந்து நிற்கும். குறிப்பு எழுதுபவர்கள் அங்கே தேடுவதில்லை; 'சோம்பலை விடுங்கள்' என்கிறார்கள். ஐந்து மணி நேரம் அடுப்படியில் நின்றவளுக்குச் சோம்பல் என்ற சொல்லை வழங்கும் மொழியை என்ன சொல்வது?

'மிச்சத்தைச் சாப்பிடாதீர்கள்' என்பது இன்னொரு குறிப்பு. பிள்ளை பாதியில் வைத்த தோசை, கொட்ட மனம் வராத ஒரு கரண்டி சோறு, மறுநாளுக்குத் தாங்காத குழம்பு என்று மிஞ்சுவதெல்லாம் கடைசியாக உட்காருபவளின் தட்டுக்கு வருகின்றன. இதைக் கெட்ட பழக்கம் என்று பட்டியலிடுகிறார்கள். எதையும் வீணாக்காமல் வீட்டை நடத்தும் பொறுப்பை அவள்மேல் ஏற்றிவிட்டு, அந்தப் பொறுப்பின் எடையையும் அவள் உடம்பிலேயே கண்டுபிடிக்கிறார்கள்.

உடம்பைப் பற்றிய பேச்சே ஆணாதிக்கம் என்று கதவைச் சாத்திவிடுவதும் எனக்கு உவப்பில்லை. பெண்ணின் உணவுக்கும் உடலுக்கும் அவளுடைய சமூக நிலைக்கும் உள்ள முடிச்சை சூசி ஆர்பாக் 1978லேயே எழுதிக் காட்டினார். அந்தக் கடன் நமக்கு உண்டு. ஆனால் நம் ஊர்க் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் 40.4 விழுக்காட்டினருக்கு எடை கூடுதல், 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. இரண்டும் ஒரே தெருவில், ஒரே வீட்டில், சில சமயம் ஒரே உடம்பில் இருக்கின்றன. சோறு நிறைந்து, காயும் பருப்பும் முட்டையும் முன்னால் உண்டவர்களோடு தீர்ந்துபோன தட்டு அது. அந்த உடம்பிடம் போய்க் 'குறைவாகச் சாப்பிடு' என்பது அரைகுறை வைத்தியம். 'நீ இருக்கிறபடியே அழகு' என்பதோ வைத்தியமே இல்லை. முழங்கால் வலிக்கும் சர்க்கரைக்கும் அழகோடு வழக்கு இல்லை.

'இளைத்துவிட்டாயே' என்பது நம் பாட்டிமார் கவலையோடு கேட்ட கேள்வி. சாப்பிட்டாயா, யாராவது ஏதாவது சொன்னார்களா என்ற விசாரிப்பும் அதில் இருக்கும். இன்று அதே சொல் பாராட்டாகிவிட்டது, விசாரிப்பு உதிர்ந்துபோனது. எடை திரும்ப ஏறினால் பாராட்டியவர்களே கண்ணால் அளக்கிறார்கள்.

பழக்கம் தனி ஆளின் ஒழுக்கம் அல்ல, வீட்டின் ஏற்பாடு. ஒருத்தி காலையில் நடக்க வேண்டுமென்றால் அந்நேரம் இன்னொருவர் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். அவள் தட்டில் பருப்பு இருக்க வேண்டுமென்றால் எல்லோரும் ஒன்றாக உட்கார வேண்டும். ஆகவே 'நடக்கவும்' என்று எழுதுகிறவர்கள் பக்கத்திலேயே 'சமைக்கவும்' என்றும் எழுதட்டும். அந்த இரண்டாவது வாக்கியத்தில் மட்டும் எழுவாயை மறைக்க வேண்டாம்.